திருடு போகாத கொடி

உள்ளே வாம்மா. வாசலிலேயே நின்றுகொண்டு கையைப் பின்னால் மறைக்காதே. பாட்டிலில் இருந்து தண்ணீர் சொட்டி உன் சுடிதார் நனைகிறது. நான் பார்த்துவிட்டேன். கதவைத் திறந்ததும் உன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இலையைத்தான் பார்த்தேன்.

ஒன்றும் சொல்லாதே. உட்கார். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்கார். நீ கீழ் வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்தானே? தேன்மொழி. பெயரெல்லாம் தெரியும். வண்டியில் சாமான் இறங்கும்போது அட்டைப் பெட்டிகளின் மேல் எழுதியிருந்தது. நான் எட்டிப் பார்க்கிற ஆள் கிடையாது. பால்கனியில் துணி உலர்த்தும்போது கண்ணில் பட்டது. ஊர் புதுக்கோட்டைப் பக்கம், அவருக்கு உப்பளபுரத்தில் வேலை, இன்னும் பிள்ளை இல்லை. இதெல்லாம் வாட்ச்மேன் அவராகச் சொன்னது.

என்னை ஆன்ட்டி என்றே கூப்பிடு. மங்கையர்க்கரசி என்று ஒரு பெயர் இருக்கிறது, ஆனால் இந்த ஃப்ளாட்டுக்கு வந்த பிறகு அதை யாரும் முழுதாகச் சொன்னதில்லை.

ஐயோ, அந்தப் பாட்டிலை டீப்பாய் மேல் வைக்காதே. மடியில் வைத்துக்கொள். இங்கே வைத்தால் திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். என்ன? திருப்பிக் கொடுக்கத்தான் வந்தாயா? மேல் வீட்டு ஆன்ட்டி திருடியவரைத் தேடிக்கொண்டிருக்கிறாள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், நீ பயந்துவிட்டாய். தேடியது உண்மைதான். எதற்காகத் தேடினேன் என்பதை உனக்குச் சொன்னவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். அதை முதலில் கேள். கேட்ட பிறகும் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால் கொடுத்துவிட்டுப் போ, நான் தடுக்கவில்லை.

மணி பிளான்ட்டை விலைக்கு வாங்கி வைத்தால் வராது. இன்னொருவர் கொடுத்து வைத்தாலும் வராது. திருடித்தான் வைக்க வேண்டும். உங்கள் ஊரிலும் அப்படித்தானே சொல்வார்கள்? நர்சரிக்காரன் இதைச் சொல்ல மாட்டான், அவன் பிழைப்பு போய்விடும். திருடினால் மட்டும் போதாது, ராசியான வீட்டில் திருட வேண்டும். அந்த வீட்டில் இருக்கிற நல்லது கொடியோடு சேர்ந்து நம் வீட்டுக்கும் வரும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் எனக்கு நம்பிக்கை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? இந்த ஃப்ளாட்டில் எல்லோருக்கும் இருக்கிறது. அதுதானே முக்கியம்?

இங்கே செடி வைப்பது என்பது காய்ச்சல் மாதிரி. ஒரு வீட்டில் வந்தால் எல்லா வீட்டிலும் வரும். நாங்கள் வந்த புதிதில் இன்சுலின் செடி. ஒவ்வொரு பால்கனியிலும் யாராவது நின்று ஆடு மாதிரி மென்றுகொண்டிருப்பார்கள். பிறகு மொட்டை மாடியில் டிராகன் பழம். கல் தூண் நட்டு, தூண் தலையில் பழைய டயரை மாட்டி, கடைசியில் தளம் ஒழுகுகிறது என்று சண்டை வந்தது. அதற்குப் பிறகு சங்குப்பூ. யார் வீட்டுக்குப் போனாலும் உஜாலா கலந்த மாதிரி நீல நிறத்தில் ஒரு டீ கொடுப்பார்கள். குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இப்போது என்னவென்றால், காற்றைச் சுத்தம் செய்கிற செடி. பாம்புச் செடி, ஜீஜீ செடி, பீஸ் லில்லி. ஜன்னலை இறுக்கி மூடி ஏசியைப் போட்டுவிட்டு, மூலையில் ஒரு ஜீஜீ செடியை நிறுத்தி, காற்றைச் சுத்தம் செய் என்றால் அது என்ன செய்யும், பாவம். இலையைத் தொட்டுப் பார்த்தால் நிஜச் செடியா பிளாஸ்டிக்கா என்று தெரியாது. இரண்டாம் மாடி சுகுணா பிளாஸ்டிக் செடிக்கு ஒரு வருஷம் தண்ணீர் ஊற்றினாள். நன்றாக வருகிறது என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனால் எந்தக் காய்ச்சல் வந்தாலும் போனாலும் மணி பிளான்ட் மட்டும் எல்லா வீட்டிலும் இருக்கும். இந்த ஃப்ளாட்டில் இருப்பது எல்லாமே ஒரே வீட்டுக் கொடிதான். எதிர்வீட்டு பிருந்தா. வரும்போது பார்த்திருப்பாயே, கதவுக்கு வெளியே பித்தளைத் தொட்டியில் வைத்திருக்கிறாளே. அவள் வீட்டுக்காரருக்கு வரிசையாகப் பதவி உயர்வு, பையனுக்கு மெடிக்கல் சீட்டு, வீட்டில் புதுக் கார். இது போதாதா? வீடு மாறிப் போகிறவர்கள், பெண்ணுக்கு வரன் பார்க்கிறவர்கள், கடை திறக்கிறவர்கள் எல்லோரும் அவள் கொடியில்தான் கை வைப்பார்கள். விடிந்து பார்த்தால் ஒரு முழம் காணாமல் போயிருக்கும்.

உடனே குரூப்பில் எழுதுவாள். “என் மணி பிளான்ட்ல மறுபடியும் யாரோ கை வெச்சிருக்காங்க. கேட்டா குடுக்க மாட்டேனா?” கூடவே நாலைந்து அழுகிற பொம்மைகள். கேட்டால் கொடுக்க மாட்டேனா என்கிறாள் பார், அங்கேதான் இருக்கிறது திமிர். கேட்டு வாங்கினால் வராது என்று அவளுக்குத் தெரியாதா? அது புகார் இல்லை தேன்மொழி. என் பெண்ணுக்கு வருகிற வரன்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள் இல்லையா, அந்த ஜாதி. எல்லோரும் அடடா, அச்சோ என்று பதில் போடுவார்கள். வெட்டியவர்தான் முதல் ஆளாக அச்சோ போடுவார்.

எனக்குப் பொறாமை இல்லை. எனக்கு எதற்குப் பொறாமை? இதோ பால்கனிக் கதவுப் பக்கம் திரும்பிப் பார். அவள் கொடியும் என் கொடியும் ஒன்றா? அவளுடையது சும்மா பச்சை. என்னுடையதில் பாதி இலை பச்சை, பாதி வெண்ணெய் நிறம். உன் பாட்டிலில் இருக்கிறதே, அந்த மேல் இலையைப் பார். நடுநரம்புக்கு அந்தப் பக்கம் வெள்ளை, இந்தப் பக்கம் பச்சை, கோடு கிழித்த மாதிரி. இந்த ஃப்ளாட்டில் வேறு யாரிடமும் இது கிடையாது. அதனால்தான் கதவைத் திறந்ததும் உன்னைப் பிடித்துவிட்டேன்.

இதன் தாய்க்கொடி உறையூரில் எங்கள் சொந்த வீட்டில் இருந்தது. சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு வேப்பமரம். அதில் ஏறி, ஒவ்வொரு இலையும் முறம் அகலம். அங்கேயும் திருடுவார்கள். சுவருக்கு வெளியே தொங்குகிற கொடியை ஸ்கூட்டரை நிறுத்தி, சீட் மேல் ஏறி நின்று வெட்டுவார்கள். நான் உள்ளே இருந்து கத்துவேன். ஒரு தடவை பால்காரர் மேல் தண்ணீரைக்கூட ஊற்றியிருக்கிறேன். அப்போது பெரிய கடைவீதியில் எங்கள் பாத்திரக் கடை ஓஹோ என்று நடந்தது. சீர்வரிசைப் பாத்திரம் என்றால் தியாகேசன் கடை. அதுதான் அங்கிள் பெயர். ஒரு குடம் வாங்கினால்கூட பேர் வெட்டித் தருவார். மெஷின் அவர் கையில் பேனா மாதிரி ஓடும். பெண்ணின் பெயர், பெற்றோர் பெயர், தேதி, ஓரத்தில் ஒரு பூ. எத்தனை வீட்டுச் சொம்புகளில் அவர் கையெழுத்து இருக்கிறது தெரியுமா?

பிறகு கடை போயிற்று. எப்படிப் போயிற்று என்று கேட்காதே, கடைகள் போகிற மாதிரிதான் போயிற்று. வீட்டையும் கொடுத்துவிட்டு இங்கே வாடகைக்கு வந்தோம். கடைசியாக வீட்டைப் பூட்டுகிற அன்றைக்கு நான் ஒரு கொடியை வெட்டி ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். சாவி கைமாறிய பிறகுதான் வெட்டினேன். அப்படிப் பார்த்தால் இதுவும் திருடியதுதான். அதனால்தான் இப்படித் தழைக்கிறது.

தழைத்து என்ன? யாரும் தொடவில்லை.

முதலில் நான் கவனிக்கவில்லை. பால்கனியில் இருந்ததால் கைக்கு எட்டவில்லை என்று நினைத்தேன். சரி, மனிதர்களுக்கு ஏன் சிரமம் என்று ஒரு தொட்டியை மட்டும் கதவுக்கு வெளியே கொண்டுவந்து வைத்தேன். பிருந்தாவின் தொட்டி அந்தப் பக்கம், என்னுடையது இந்தப் பக்கம். அவளுடையது மொட்டையாகிக்கொண்டே வந்தது, என்னுடையது தரையில் படர ஆரம்பித்தது. துடைக்கிற பெண் துடைப்பத்தால் ஒதுக்கிவிட்டுப் போவாள். பிறகு மாடிப்படிக் கைப்பிடியில் நூல் கட்டி ஏற்றிவிட்டேன். இறங்குகிறவர் கைக்கு நேராக வந்து நிற்கும். கையைப் பிடித்து இழுக்காத குறை. எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

ஒருவேளை கத்தரிக்கோல் கையில் இல்லாததால் தயங்குகிறார்களோ என்று தோன்றியது. சிரிக்காதே. பேங்கில் பேனாவைக் கட்டி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஒரு கத்தரிக்கோலைத் தொட்டியோடு கட்டி வைத்தேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் கத்தரிக்கோலைக் காணோம். செடி அப்படியே இருந்தது.

சரி, சிரி. அங்கிளும் அன்றைக்குச் சிரித்தார். கடையை மூடிய பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அதனால் நான் கோபப்படவில்லை.

மணி பிளான்ட் பழைய ஃபேஷன் ஆகிவிட்டதோ என்றும் நினைத்தேன். அதனால் ஜீஜீ செடி ஒன்று வாங்கி வெளியே வைத்தேன். ஊசி ஊசியாகச் சதைச்செடிகள் வாங்கி, காபிக் கோப்பைகளில் நட்டு, மேலே வெள்ளைக் கூழாங்கல் பரப்பி வைத்தேன். கூழாங்கல் போனது. குழந்தைகள் பாண்டி ஆட எடுத்துப் போய்விட்டார்கள். செடிகள் எல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தன, ஒன்றுகூடக் குறையவில்லை. அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாதாம். அதைச் சொல்லியும் அங்கிள் ஊற்றி எல்லாவற்றையும் அழுகவைத்தார். அவருக்குச் செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. பாத்திரத்தில் பேர் வெட்டச் சொன்னால் வெட்டுவார், செடியில் எங்கே வெட்டுவது என்று தெரியாது. அதை நினைவில் வைத்துக்கொள், இப்போது நீ என்னவோ சொல்ல வாயெடுத்தாயே, அதற்கு வருகிறேன்.

நேராகக்கூடக் கேட்டுப் பார்த்தேன். சுகுணாவின் பையன் பெங்களூரில் வீடு வாங்கியிருந்தான். புது வீட்டுக்குக் கொடி வேண்டும் என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. கீழே காய் வண்டியிடம் பார்த்தபோது, என் கொடி வெளியில்தான் இருக்கிறது, நாங்கள் சாயங்காலம் கோயிலுக்குப் போகிறோம், வருவதற்கு நேரமாகும் என்று பொதுவாகச் சொன்னேன். அவள் முருங்கைக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, “அதுக்கென்ன ஆன்ட்டி, பாக்கலாம்” என்றாள். போகப்போவதில்லை என்று தெரிந்த கல்யாணத்துக்குப் பத்திரிகை வாங்கும்போது சொல்வோமே, அந்தக் குரல். கோயிலில் நான் சாமியைச் சரியாகக் கும்பிடவில்லை. திரும்பி வந்து விளக்கைப் போட்டுப் பார்த்தேன். எண்ணி வைத்த இலை எண்ணி வைத்தபடியே இருந்தது.

அதற்கு அடுத்த வாரம்தான் அது நடந்தது. லிஃப்ட் ஓடவில்லை. நான் படியில் ஏறி வருகிறேன். மேலே சுகுணாவும் பிருந்தாவும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பிருந்தாவின் கொடியை அந்த வாரம் யாரோ அடியோடு வழித்துவிட்டிருந்தார்கள். அவள் சொல்கிறாள், “என்னுதுல ஒண்ணும் இல்லை சுகுணா, எதிர்ல ஆன்ட்டியோடது தொங்குது பாரு, அதுல எடுத்துக்கயேன்.” அவளைக் குறை சொல்ல முடியாது, அவள் நல்லபடியாகத்தான் சொன்னாள். சுகுணா குரலை இறக்கினாள். படியில் குரலை இறக்கினால் இன்னும் நன்றாகக் கேட்கும், அது அவளுக்குத் தெரியவில்லை.

“அவங்க வீட்டுதா? வேணாம்க்கா. வாழ்ந்து கெட்ட வீடு.”

நான் திரும்பக் கீழே இறங்கிப் போய், செருப்பைத் தரையில் தேய்த்துச் சத்தம் போட்டுக்கொண்டு மறுபடி ஏறி வந்தேன். இரண்டு பேரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். முருங்கைக்காய் நன்றாக இருந்ததா என்று கேட்டேன். இருந்தது என்றாள்.

எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. வாழ்ந்து என்று ஒரு வார்த்தை சொன்னாள் இல்லையா, அந்த மட்டும் சந்தோஷம். அன்றைக்கு ரசத்தில் உப்புப் போட மறந்தது வேறு காரணம். அங்கிள் அதைச் சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான்தான் பேச்சுவாக்கில் சுகுணா இப்படிச் சொன்னாள் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக்கூடாது. கெட்டது வீடா? வீடு என்ன செய்யும்? கடைக்காரரைத்தானே சொல்கிறார்கள். அவர் கையில் எடுத்த சோற்றைத் தட்டில் வைத்தார். பிறகு தட்டைப் பார்த்தார். விளிம்பில் அவர் வெட்டிய என் பெயர் இருக்கிறது. பிறகு மறுபடி சோற்றை எடுத்துச் சாப்பிட்டார். அவர் எப்போதுமே அப்படித்தான், எதுவும் உறைக்காது.

இதற்கப்புறம் எனக்கு வெறி வந்துவிட்டது என்று வைத்துக்கொள். என் கொடி திருடு போகாமல் இந்த ஃப்ளாட்டை விட்டுப் போகக்கூடாது என்று நினைத்தேன். போவதற்கு வேறு இடம் இல்லை என்பது வேறு விஷயம்.

ஒரு நல்லதும் நடந்தது. அங்கிளுக்குச் செடியில் ஆர்வம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பழைய இலைகளைக் கிள்ளிக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “எந்த இடத்துல வெட்டினா பொழைக்கும்?” என்று கேட்கிறார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு துளசிக்குக்கூடத் தண்ணீர் ஊற்றாத மனிதர். எனக்கு ஆச்சரியம். காட்டிக்கொடுத்தேன். கணுவுக்குக் கீழே ஒரு விரற்கடை விட்டு, சாய்வாக வெட்ட வேண்டும். கணுவில் இருக்கிற சின்ன வேர் முண்டு கொடியோடு வர வேண்டும். கவனமாகக் கேட்டார். தண்ணீரில் வைக்கலாமா, மண்ணில்தான் வைக்க வேண்டுமா, கண்ணாடி பாட்டில் ஆகுமா என்றெல்லாம் கேட்டார். மனிதர்களுக்கு வயதானால் பொழுதுபோக வேண்டுமே.

அந்த வெள்ளிக்கிழமை விடிந்தது. கோலம் போடக் கதவைத் திறக்கிறேன். கைப்பிடியில் ஏற்றிவிட்டிருந்த கொடியில் நுனிக் கொடியைக் காணோம். நான் முதலில் நம்பவில்லை. கீழே விழுந்திருக்குமோ என்று படியெல்லாம் தேடினேன். கிட்டப் போய்ப் பார்த்தேன். வெட்டுப்பட்ட இடத்தில் ஈரம் இன்னும் காயவில்லை. கணுவுக்குக் கீழே, ஒரு விரற்கடை விட்டு, சாய்வாக. விஷயம் தெரிந்த கை. ஏதோ கிள்ளிவிட்டுப் போகிற கை இல்லை. தேன்மொழி, உன்னைப் பாராட்ட வேண்டும். சின்ன வயதில் இவ்வளவு சுத்தமாக வெட்ட யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

நான் உள்ளே ஓடி வந்து, திருடு போய்விட்டது, திருடு போய்விட்டது என்று கத்தினேன். அங்கிள் அதற்குள் எழுந்து குளித்துவிட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். ஆட்காட்டி விரலில் துணி சுற்றியிருக்கிறது. என்ன என்றால், வாழைப்பழம் நறுக்கும்போது கத்தி பட்டுவிட்டதாம். வாழைப்பழத்துக்கு யாராவது கத்தி எடுப்பார்களா? அவர் சாமர்த்தியம் அவ்வளவுதான். எனக்கு இருந்த சந்தோஷத்தில் அதை விசாரிக்கவில்லை, மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டேன். “என்னது, திருடு போச்சா?” என்று கேட்டார். கொஞ்சம்கூட அதிர்ச்சி இல்லை. சொன்னேனே, எதுவும் உறைக்காத மனிதர். ஆனால் எழுந்து வந்து வெட்டுப்பட்ட இடத்தைக் குனிந்து பார்த்தார். “நல்ல கைதான்” என்றார். சொல்லிக்கொடுத்ததை மறக்கவில்லை பார்.

குரூப்பில் எழுதினேன். அழுகிற பொம்மை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் நேரமாயிற்று. எல்லோரும் அச்சோ போட்டார்கள். பிருந்தா மட்டும் ஒரு கட்டைவிரல் போட்டாள். சுகுணா ஒன்றும் போடவில்லை. அன்று சாயங்காலம் அவள் படியில் இறங்கும்போது கையைத் தூக்காமல் என் கொடியை ஒட்டியே இறங்கினாள். நான் கதவு ஓட்டையில் பார்த்தேன். நின்று, அந்தப் பாதி வெள்ளை இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். ஒரு திருட்டு நடந்தால் போதும், மற்றவர்களுக்குத் தைரியம் வந்துவிடும்.

ஆனால் யார் எடுத்தது என்று தெரிய வேண்டாமா? தண்டிக்க இல்லை அம்மா. யாருக்கு எங்கள் வீட்டு ராசி வேண்டும் என்று தோன்றியது, அதைத் தெரிந்துகொள்ளத்தான். கறிவேப்பிலை கேட்கிற மாதிரி ஒரு வீடு, வாட்டர் மோட்டார் பற்றிப் பேசுகிற மாதிரி ஒரு வீடு என்று ஏறி இறங்கினேன். எல்லா ஜன்னல் பாட்டிலையும் பார்த்தேன். எல்லாம் பிருந்தாவின் பச்சை. அங்கிள்தான், “விட்டுடு அரசி, தேடிக் கண்டுபிடிச்சா அப்புறம் அது திருட்டா?” என்றார். அதில் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் மனசு கேட்கவில்லை. கீழ் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. நீ புதிது, உனக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது என்று நினைத்துவிட்டேன். பார்த்தால் பூனை மாதிரி இருந்துகொண்டு.

என்ன? இப்போது சொல். என்னவோ வந்ததிலிருந்து சொல்லப் பார்க்கிறாய்.

அங்கிளா? அங்கிள்தான் கொடுத்தாரா?

சிரிப்பு வருகிறது, மன்னித்துக்கொள். என் நாத்தனார் கணவர் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும், டிக்கெட்டை யாரோ ஒரு பெரியவர் வாங்கிக் கொடுத்தார் என்றுதான் சொல்வார்களாம். விடியற்காலையில் வந்து கதவைத் தட்டி, பாட்டிலோடு கொடுத்து, ஜன்னலில் வை, யாரிடமும் சொல்லாதே என்றாரா? நன்றாகக் கதை கட்டுகிறாய். அவருக்குக் கணு எது, காம்பு எது என்றே தெரியாது. அதோடு, சொந்த வீட்டுக் கொடியை யாராவது திருடுவார்களா? பயப்படாதே. வயதானவர் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க வேண்டிய அவசியம் இல்லை. உன்னை யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்றுதானே இவ்வளவு நேரம் சொல்கிறேன்?

இதோ, அவரே வந்துவிட்டார். என்னங்க, கீழ் வீட்டுப் பெண். பெயர் தேன்மொழி. நம் கொடியை எடுத்தது இவள்தான். எடுத்துவிட்டு, நீங்கள் கொடுத்தீர்கள் என்று சொல்கிறாள். கேட்டீர்களா கூத்தை?

ஏன் அப்படித் தலையை ஆட்டுகிறீர்கள்? கழுத்துச் சுளுக்கு இன்னும் விடவில்லையா? அந்தப் பெண் பயப்படுகிறது, கையையும் காலையும் ஆட்டாமல் சும்மா நில்லுங்கள்.

தேன்மொழி, என்னைப் பார். அவரைப் பார்க்காதே, என்னைப் பார். கடைசியாக ஒன்றே ஒன்று கேட்கிறேன், அப்புறம் நீ போகலாம். பாட்டிலை வைத்துவிட்டுப் போவதானாலும் சரி. யாராவது பரிதாபப்பட்டு உன் கையில் கொடுத்தார்கள் என்றால் அது எனக்கு வேண்டாம், இங்கே வைத்துவிடு. இல்லை, நீயே வேண்டும் என்று நினைத்து, நீயே வந்து, நீயே எடுத்தாய் என்றால் அதைச் சொல். நான் கேட்பது அவ்வளவுதான். எங்கள் வீட்டுக் கொடி உனக்கு வேண்டும் என்று இருந்ததா, இல்லையா?

மெல்லச் சொல்கிறாய், காதில் விழவில்லை. இன்னொரு தடவை சொல்.

“நான்தான் ஆன்ட்டி எடுத்தேன். யாரும் பார்க்கலைன்னு நெனச்சேன்.”

கேட்டீர்களா? யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தாளாம். எனக்கு அப்போதே தெரியும். என்னம்மா, இதைச் சொல்வதற்கா இவ்வளவு நேரம்? நீ முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இத்தனை கதை சொல்லியிருக்க வேண்டியதே இல்லை.

உங்களுக்கு என்ன ஆயிற்று? எதற்கு இப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறீர்கள்? சட்டை நுனியில் துடைத்தால் கீறல்தான் விழும்.

சரி, எழுந்திரு. ஆனால் ஒரு கொடி போதாது தேன்மொழி. ஒற்றைக் கொடி பாட்டிலில் சோனியாகத் தெரியும். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? இன்னும் இரண்டு மூன்றாவது வேண்டும். பால்கனியில் இருப்பது வெளியில் இருப்பதைவிட நன்றாக இருக்கிறது, அடியில் இருந்து மூன்றாவது கொடி இன்னும் வெள்ளை. கத்தி பால்கனி ஜன்னலில் இருக்கும், அதை நான் சொல்லவில்லை. நான் உள்ளே போய்ப் பால் காய்ச்சப் போகிறேன். எனக்குப் பால் காய்வதற்கு ரொம்ப நேரம் பிடிக்கும். நீ எப்போது போனாய் என்றுகூட எனக்குத் தெரியாது.

என்னங்க, நீங்களும் உள்ளே வாருங்கள். பிள்ளை எடுக்கிற நேரத்தில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் அதற்குக் கை வருமா? திருடுவதைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும், வாருங்கள்.